தொண்டை அடைக்கிறது என்றால் நம்பலாமா?

மனநோயாளி ஒருவர் சொல்வதில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது? சோற்றுத் தட்டின் முன்னால் இக்கேள்வி எழும்போது பதில் சொல்லத் தாமதிக்க முடியாது.

எனக்கு அறிமுகமான ஒரு வீட்டில் மூத்த மகனுக்குப் பல்லாண்டுகளாக மனச்சிதைவு நோய். நோயின் தொடக்கத்தில், சோற்றில் நஞ்சு கலந்திருப்பதாகச் சொல்லித் தட்டைத் தள்ளியவர். மருந்தால் அந்த எண்ணம் அடங்கிற்று. பின்னொரு நாள், "உம்மா, சோறு இறங்க மாட்டேங்குது, தொண்டையிலேயே நிக்குது" என்றார். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா வாப்பா?" என்று தாயார் கண் கலங்கினார். "காக்காவுக்குப் பிடிவாதம்" என்றார் தம்பி. அவர்கள் கொடியவர்கள் அல்லர். பழைய அனுபவத்தை வைத்து எடை போட்டார்கள், அவ்வளவே.

ஆனால் இம்முறை அவர் சொன்னது உண்மை.

1952-ல் பாரிஸ் நகரில் டிலே, டெனிக்கர் என்னும் வைத்தியர்கள் குளோர்ப்ரோமசின் மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அது முதல் வந்த இவ்வகை மருந்துகள், மூளையில் டோப்பமின் என்னும் பொருளின் வேலையைத் தடுக்கின்றன. பிரமை அடங்குவது அதனால்தான். சிலருக்குத் தசைகள் விறைத்து மந்தமாவதும் அதனால்தான். கை நடுங்கினால் நம் கண்ணுக்குத் தெரிகிறது. நாக்கிலும் தொண்டையிலும் உள்ள விறைப்பை யார் காண்கிறார்? வேறு சில மருந்துகளால் வாய் வறண்டு கவளம் சேராது; குளோசப்பின் உண்பவர் பலருக்கோ எச்சில் பெருகி வழியும். பல் இழந்தவர்களும், அள்ளி அவசரமாய் விழுங்குகிறவர்களும் இவர்களிடையே உண்டு. உணவு அடைத்து மூச்சுத் திணறி இறப்பது இந்நோயாளரிடையே மற்றவரினும் மிகுதி என்பது ஆராய்ந்து கண்ட செய்தி.

சாப்பிடும்போது புரையேறினால், "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டுகிறோம். அன்பான வழக்கந்தான். ஆயினும் ஒருவருக்கே தினமும் புரையேறுமானால், நினைப்பவரைத் தேடிப் பயனில்லை, நேயர்களே! சிலருக்கு இருமலே வராமல் உணவு மூச்சுக்குழலில் இறங்கி, நிமோனியாவில் முடிவதும் உண்டு.

"முன்பு நஞ்சு என்றவரை இப்போது எப்படி நம்புவது?" என்று கேட்பதில் நியாயமில்லாமல் இல்லை. நம்பினால் பிரமைக்குத் தூபம் போடுவோமோ என்ற அச்சமும் மெய்யானதே. இரு பிழைகளையும் தராசில் வைத்துப் பாருங்கள். வீணாக நம்பினால் ஒரு பகற்பொழுதும் டாக்டர் கட்டணமும் போகும். வீணாகச் சந்தேகித்தால் உயிரே போகலாம். மேலும், நோய் வந்ததால் ஒருவர் தம் உடலைப் பற்றிச் சாட்சி சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறாரா? இல்லாத குரலைக் கேட்பவருக்கும் பல் வலிக்கும் அன்றோ?

நம்பியவுடன் தாமாகவே மருந்தை நிறுத்துவோரும் உளர். அது பெருங்கேடு, அடங்கிய நோய் திரும்பும். அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் வைத்தியர் பொறுப்பு. இன்னுஞ் சிலர் பயந்துபோய், கேளாமலே மூன்று வேளையும் கஞ்சியாக்கிவிடுவார்கள். வளர்ந்த மனிதருக்கு அது எவ்வளவு சிறுமை! விழுங்குதலைப் பரிசோதிக்கும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். எதை மசிப்பது, எதை அப்படியே தருவது என்று ஆளைப் பார்த்துச் சொல்வார்கள்.

நான் சொன்ன வீட்டில் மருந்து மாற்றப்பட்டது. இப்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு சிறு கவளமாக, நிதானமாய்ப் பசியாறுகிறார். சென்ற பெருநாளில் பிரியாணி கேட்டாராம். சிகிச்சையாளரிடம் விசாரித்து, சோற்றைக் குழைய வேகவைத்து, இறைச்சியைப் பூப்போல் உதிர்த்து, ஆணம் ஊற்றிக் கொடுத்ததாக உம்மா சொன்னார். தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம்.