யானை தண்ணி குடிச்சுது

‘தமிழ்தானே, வீட்டில் பேசுகிற மொழிதானே, வாசிப்பு தானாக வந்துவிடும்’ என்று பெற்றோர் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். ஆங்கிலத்துக்கு மூன்று வயதிலேயே ஃபோனிக்ஸ் வகுப்பு, பட அட்டை, செல்போன் செயலி எல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. தமிழுக்குச் சுவரில் ஒரு எழுத்துப் படம் ஒட்டியதோடு சரி. பேச்சு தானாக வரும், உண்மைதான். வாசிப்பு வராது. நாம் பேசுகிற தமிழ் ஒன்று, அச்சில் இருக்கிற தமிழ் இன்னொன்று. ‘அப்பா வந்துட்டாங்க’ என்று சொல்லிப் பழகிய பிள்ளையிடம் புத்தகம் ‘அப்பா வந்துவிட்டார்’ என்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த பிறகும் அந்தச் சொல் காதில் விழுந்த சொல்லாக இல்லையென்றால், சரியாகத்தான் படித்தோமா என்று அதற்கு எப்படித் தெரியும்?

அதனால் எழுத்துப் பாடத்துக்கு முன்பே காது பழக வேண்டும். சின்னக் கதைப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ‘சென்றது’, ‘பார்த்தது’, ‘கூறியது’ என்று அச்சில் உள்ளபடியே படித்துக் காட்டலாம். வாய்ப்பேச்சில் கதை சொல்வதும் வேண்டும். அது வேறு விருந்து. மூன்று நான்கு வயதில் பிள்ளைகள் ஒரே புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சலிப்பு நமக்குத்தான். கொஞ்ச நாளில் வரிகள் மனப்பாடமாகி, அவர்களே விரலை வைத்துப் ‘படிக்க’ ஆரம்பிப்பார்கள். அது வெறும் ஒப்பித்தல் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. இடமிருந்து வலமாகப் போக வேண்டும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விட்டிருக்கிறது, இந்தக் கோடுகள் என்றைக்குப் பார்த்தாலும் இதே ஒலியைத்தான் தருகின்றன என்பதெல்லாம் பிடிபடுவது அந்த ஒப்பித்தலில்தான்.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பள்ளிக் கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் கதைகள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக இருக்கின்றன. பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராவதற்கும் பெரிய செலவில்லை.

இனி எழுத்து. 247 என்ற எண்ணைச் சொல்லியே பிள்ளைகளை மிரட்டுகிறோம். உயிர் 12, மெய் 18 தெரிந்து, கொம்பும் காலும் சுழியும் பழகிவிட்டால் உயிர்மெய்யில் பெரும்பகுதி ஒரே ஒழுங்கில் வந்துவிடும். உண்மையில் கஷ்டப்படுத்துவது உகர ஊகார வரிசை. கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைகிறது. அந்த 36 எழுத்துகளுக்கு நிதானம் வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. என் மகள் முதன்முதலில் ‘கோழி’யை ‘கே…ஆ…ழி’ என்றாள். அவள் கண் பார்த்தது சரிதான்: முன்னால் இரட்டைக்கொம்பு, நடுவில் க, பின்னால் துணைக்கால். எழுத்து மூன்று துண்டாக நிற்கிறது, ஒலி ஒன்றாக வருகிறது, அதிலும் முதலில் எழுதும் கொம்பின் ஒலி ககரத்துக்குப் பிறகுதான் வருகிறது. ‘தப்பு’ என்று அதட்டினால் அவள் கண்டுபிடித்த நியாயம் போய்விடும். கொம்பையும் காலையும் இரு கைகளால் மூடி, முதலில் க, பிறகு இரண்டையும் சேர்த்துத் திறந்து கோ என்று காட்டினேன். தோசை, மோர், போண்டா என்று அவளே தேட ஆரம்பித்தாள்.

நான் மிகவும் யோசித்த இடம் வேறு. ‘யானை தண்ணீர் குடித்தது’ என்ற வரியை அவள் ஒருநாள் ‘யானை தண்ணி குடிச்சுது’ என்று படித்தாள். திருத்துவதா, விடுவதா? விட்டேன். எழுத்தைப் பார்த்து, பொருளை வாங்கி, தன் வாய்மொழியில் திருப்பித் தருகிறாள். புரியாமல் அப்படிப் படிக்க முடியாது. அடுத்த முறை அதே வரியை நான் அச்சில் உள்ளபடி படித்தேன், அவ்வளவுதான். ஆனால் இன்னொரு பக்கத்தில் படத்தைப் பார்த்துவிட்டு ‘யானை குளித்தது’ என்றாள். அங்கேயும் ‘குடித்தது’ என்றுதான் இருந்தது. அதை விடவில்லை. ளி-யா, டி-யா என்று விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முன்னது புரிதல், பின்னது ஊகம். மேலுக்கு இரண்டும் பிழை மாதிரியே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற ஒருவருக்குத்தான் வித்தியாசம் தெரியும், நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் அது எளிதல்ல. வீட்டால் ஆகக்கூடியது இதுதான் என்று நம்புகிறேன்.

(தாத்தா காலத்து அம்புலிமாமாவை எடுத்துக் கொடுத்தால் அதே யானையில் அவள் நின்றுவிடுவாள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘னை’ தலைக்கு மேலே தும்பிக்கை தூக்கி நிற்கும். அதைக் காட்டினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.)

நமக்கே படிக்கத் தெரியாதே என்று ஒதுங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிற அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. துணி மடித்துக் கட்டுகிற பழைய செய்தித்தாளை மகனிடம் நீட்டி, “என்னடா போட்டிருக்கான் இதுல?” என்பார். அவன் திக்கித் திணறிப் படிப்பான். “அப்புறம்?” என்பார். மீதி கிழிந்துபோயிருந்தால் இருவருமாக யோசித்து ஒரு முடிவு சொல்வார்கள். அவருக்கு உண்மையாகவே விஷயம் தெரிய வேண்டியிருக்கிறது, பையன் படித்தால்தான் தெரியும். அவன் தேர்வு எழுதவில்லை, அம்மாவுக்குச் சேதி சொல்கிறான். படித்த பெற்றோர் பலர் வாசிப்பு நேரத்தை வீட்டுத் தேர்வாக்கிவிடுகிறோம்: இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து, நேற்றுச் சொல்லிக்கொடுத்தேனே!

பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்கியதும் நாம் படித்துக் காட்டுவதை நிறுத்திவிடுவது எனக்கு ஒப்பவில்லை. ஆறேழு வயதில் கண்ணால் தட்டுத்தடுமாறிப் படிக்க முடிவது நான்கைந்து சொல் வரி. காதால் கேட்டுப் புரிந்துகொள்வதோ முழு நீளக் கதை. கதையின் ருசி காது வழியாகவே வந்துகொண்டிருந்தால்தான் அந்தச் சின்ன வரிகளோடு மல்லுக்கட்ட மனம் வரும். எங்கள் வீட்டில் இப்போது விக்கிரமாதித்தன் கதை நடக்கிறது. நான்தான் படிக்கிறேன். வேதாளம் கேள்வி கேட்டு முடித்ததும் புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிடுவேன். ராஜாவின் பதிலை அவள் படித்துத்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.