பணம் வாங்கிக்கொள்ளும் சொந்தங்கள்

வீட்டுக்கு வந்தவரிடம் சோற்றுக்குக் காசு வாங்குவதை நம்மால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. தூரத்துச் சொந்தம் வந்து ஒரு வாரம் தங்கினாலும் கணக்குப் பார்க்கமாட்டோம். பார்த்தாலும் வெளியே சொல்லமாட்டோம். அப்படி வளர்ந்த எனக்கு, ஜப்பானில் ஒரு விவசாயக் குடும்பத்தோடு கட்டணம் கட்டித் தங்கியபோது ஒரு கேள்வி எழுந்தது. காசு கைமாறிய இடத்தில் விருந்தோம்பல் மிஞ்சுமா? மிஞ்சும் என்பதுதான் என் முடிவு. அங்கே உறவு இயல்பாக இருப்பதற்கே அந்தக் காசும் ஒரு காரணம் என்றுகூடச் சொல்வேன்.

கியூஷு தீவில், ஓய்தா மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது அஜிமு. திராட்சைக்கும் வைனுக்கும் பேர்போன ஊர். இளையவர்கள் நகரங்களுக்குப் போய்விட, வயதானவர்களும் பெரிய வீடுகளும் மிஞ்சிய ஊரும்கூட. 1996-இல் அங்குள்ள குடியானவர்கள் வெளியூர்க்காரர்களைத் தங்கள் வீட்டில் தங்கவைக்க இறங்கினார்கள். விடுதி நடத்த உரிமம் வேண்டும், அதற்கேற்ற கட்டடம் வேண்டும். விவசாயி வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் வருகிறவர்களை உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டு தொடங்கினார்கள். ஒரு முறை தங்கினால் தூரத்துச் சொந்தம், பத்து முறை தங்கினால் உண்மையான சொந்தம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. 2002-இல் மாகாண அரசு விதிகளைத் தளர்த்தியது. சாதாரண வீடுகளில் கட்டணத்துக்கு ஆள் தங்கவைப்பது பற்றிய தேசியச் சட்டம் 2018 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. அஜிமுக்காரர்கள் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முந்திக்கொண்டார்கள்.

அங்கே நான் தங்கிய வீட்டில் என்னை அதிகம் யோசிக்கவைத்த இடம் குளியலறை. தொட்டியில் ஒரு தடவைதான் வெந்நீர் நிரப்புகிறார்கள். வீட்டிலுள்ள எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அதே நீரில்தான் இறங்கி உட்காருவார்கள். அதனால் முதலில் தொட்டிக்கு வெளியே ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, உடம்பில் பொட்டு நுரைகூட இல்லாமல் அலசிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, அசதி போக்க. எழுந்து வரும்போது நீரைத் திறந்துவிடக் கூடாது. சூடு ஆறாமல் மூடி போட வேண்டும். முதல் முறை விருந்தாளிக்கு. அடுத்து தாத்தா. கடைசியில் பாட்டி. மறுநாள் காலை, மிச்ச நீரைத் துணி துவைக்க எடுத்துக்கொண்டார் பாட்டி.

அன்று மாலைதான் முதன்முதலாகப் பார்த்த, பேச்சும் புரியாத ஓர் அந்நியர் இறங்கி எழுந்த நீரில் அந்த வீட்டுப் பெரியவர்கள் இறங்குகிறார்கள். எச்சிலும் தீட்டும் பார்க்கும் நாட்டிலிருந்து போன என்னால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நான் சரியாகக் கழுவிக்கொண்டேனா என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் கட்டிய பணத்தில் சாப்பாடு சேர்த்தி, படுக்கை சேர்த்தி. இந்த நம்பிக்கை எதிலும் சேர்த்தி இல்லை.

அப்படியானால் காசுக்கு அங்கே என்ன வேலை? ஜப்பானியர்களுக்கு, தாங்கள் பட்ட கடன் மனதை உறுத்திக்கொண்டே இருக்கும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வரும் மொய்யில் ஏறக்குறையப் பாதி மதிப்புக்கு ஏதாவது வாங்கித் திருப்பிக் கொடுப்பது அங்கே வழக்கம். மொய் நோட்டு வைத்திருக்கும் நமக்கு இது புரியாததல்ல. இப்படிப்பட்ட இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் இலவசமாகத் தங்கினால் இரண்டு பக்கமும் பாரம்தான். கட்டணம் அந்தப் பாரத்தை முதலிலேயே இறக்கிவிடுகிறது. நான் கூச்சமில்லாமல் இன்னொரு கிண்ணம் சோறு கேட்டேன். பாட்டியும் கூச்சமில்லாமல் என்னிடம் வேலை வாங்கினார். வேரோடு பிடுங்கிவந்த சோயாச் செடிகளை என் முன்னால் போட்டு, காய்களைப் பறித்துக் கூடையில் சேர்க்கச் சொன்னார். பச்சைக் காய்களை உப்புப் போட்டுப் பிசறி, சுனை போகத் தேய்த்து, கொதிநீரில் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விடுதியில் என்னை யாரும் அடுப்படிக்குள் விட்டிருக்கமாட்டார்கள்.

ஒரு வீட்டில் நமக்கு உபசாரம் நடக்கும்வரை நாம் வெளியாள்தான். வேலை கொடுத்த பிறகுதான் அந்த வீட்டில் நமக்கு ஓர் இடம் கிடைக்கிறது. நம் வீடுகளிலும் அப்படித்தானே? நெருங்கியவர்களிடம் மட்டும்தான் வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொல்கிறோம்.

ஜப்பான் போகிறவர்கள் டோக்கியோவையும் கியோட்டோவையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு ராத்திரியாவது இப்படி ஒரு விவசாயி வீட்டுக்கு ஒதுக்குங்கள். சைவமாக இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பின் அடிச்சாறு பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுத்தது. முன்கூட்டியே தெரிந்தால் கடற்பாசியிலும் காளானிலும் எடுத்துக் கொடுக்க அவர்களால் முடியும். சொன்ன கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள். முக்கியமாக, கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் உங்களுக்கான காய்களைத் தோட்டத்திலிருந்து பறித்து வைத்திருப்பார்கள்.