கழுத்தின் வயது

மனிதனின் வயதைக் காட்டிக்கொடுப்பது முகமல்ல, கழுத்துதான். முகத்துக்குப் பவுடர் இருக்கிறது. தலைக்குச் சாயம் இருக்கிறது. பல் போனால் பல் கட்டிக்கொள்ளலாம். கழுத்துக்கு என்ன இருக்கிறது? ஐம்பதைத் தாண்டியதும் தோல் தளர்கிறது. அடியிலுள்ள மெல்லிய தசை இரண்டு கயிறுகளைப் போலப் புடைக்கிறது. தாடைக்குக் கீழே ஒரு பை தொங்க ஆரம்பித்துவிடுகிறது.

நம் பாஷையோ கழுத்தின் மீது எவ்வளவோ பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறது. கல்யாணத்துக்குச் சம்மதிப்பதைக் கழுத்தை நீட்டுவது என்கிறோம். கடன் வந்தால் கழுத்தை நெரிக்கிறது. ஏழைப் பெண்ணின் கழுத்தில் குந்துமணித் தங்கம்கூட இல்லை என்று உச்சுக்கொட்டுகிறோம். இப்படி ஊரார் கண் ஓயாமல் மேய்கிற இடம் தளர்ந்துவிட்டதே என்று ஒருத்தி கலங்கினால் மட்டும், ‘இந்த வயசிலே என்ன ஷோக்கு?’ என்று சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு நியாயந்தானா என்பதே என் சந்தேகம்.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். துறைமுகத்துச் சரக்குக் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதிக்குப் பயந்து உடம்பை இருபது கிலோ குறைத்தார். உடம்பு இளைத்தது, கழுத்துத் தோல் மட்டும் கூட இளைக்க மறுத்துவிட்டது. ஒரு நாள் என்னைக் கேட்டார்: “தம்பி, நீ கதை எழுதறவன். கழுத்தை ஆபரேஷன் பண்ணிக்கிட்டா அது தப்பாப்பா?”

தப்பா என்ற கேள்விக்கு முன்னால் அது என்ன என்ற கேள்வி இருக்கிறதல்லவா? நான் மருத்துவம் படித்தவனல்ல. விசாரித்து வந்து சொன்னேன். காதுக்குப் பின்னாலும் மோவாய்க்கு அடியிலும் கீறி, தளர்ந்த தசையை இழுத்துத் தைத்து, மிகுந்த தோலை வெட்டி எடுக்கிறார்கள். இரண்டு மூன்று மணி நேர வேலை. வீக்கமும் கன்றலும் வடிய இரண்டு வாரமாவது ஆகும். தோலுக்கடியில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். காது மடல் மரத்துப் போகலாம். உதட்டோரத்தை அசைக்கும் நரம்பு அடிபட்டால் சிரிப்பு கோணிக்கொள்ளும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும், எல்லோருக்கும் அல்ல. நம்முடைய கறுத்த தோலில் தழும்பு தடித்து வளரும் அபாயம் அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறாது. புகை பிடிப்பவர்களுக்குத் தைத்த தோல் கறுத்துச் செத்தே போகலாம். இவ்வளவும் பட்டு வாங்கும் கழுத்து நிரந்தரமும் அல்ல. பத்து வருஷம் போல நிற்கும். மூப்பு தன் வேலையை நிறுத்துவதில்லை. அழகு நிலையங்களில் செய்துகொள்கிற காரியமல்ல இது. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். படித்தவர் வேண்டும், மயக்க மருந்து கொடுக்கத் தனி டாக்டர் வேண்டும்.

அம்மாள் எல்லாவற்றையும் கணக்குப் பார்ப்பதுபோலக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அபாயம் தெரிஞ்சிடுச்சு. தப்பான்னு இன்னும் நீ சொல்லல” என்றார்.

எங்கள் பக்கத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782-ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இயந்திரத்தில் கை நசுங்கியவர்களுக்கு அங்கே கையைச் சீர்படுத்தும் தனிப் பிரிவு உண்டு. மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து வெந்த பெண்களுக்குக் கழுத்துத் தோல் சுருங்கி, மோவாய் மார்போடு ஒட்டிக்கொள்ளும். தலையை நிமிர்த்த முடியாது. அந்தச் சுருக்கத்தை அறுத்துவிட்டு, தொடைத் தோலை எடுத்து ஒட்டுகிறார்கள். இதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. கழுத்தை நிமிர்த்தத்தானே செய்கிறார்கள் என்கிறோம்.

ஆனால் 2018 பிப்ரவரியில் அதே ஆஸ்பத்திரியில் ஏழைப் பெண்களுக்கு மார்பகச் சீரமைப்பு அறுவையும் இலவசம் என்று அரசாங்கம் அறிவித்தபோது சிரிப்பு கிளம்பியது. அழகுச் சிகிச்சை ஏழைக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது என்று அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இதென்ன ஆடம்பரம் என்று எதிர்த்தவர்களும் உண்டு. அரசாங்கப் பணத்தை எதற்கு முதலில் செலவழிப்பது என்ற அவர்கள் கேள்வியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். என் கோபம் சிரித்தவர்கள் மேல்தான். பணக்காரி செய்துகொண்டால் நாகரிகம், குடிசைக்காரி கேட்டால் கொழுப்பு என்ற நியாயத்தை இவர்கள் எங்கே படித்தார்கள்?

இந்த வைத்தியத்தின் கதையே மானத்தின் கதைதான். திப்புவோடு நடந்த யுத்தத்தில் கும்பினிப் படைக்கு வண்டியோட்டிய ஒருவன் பிடிபட்டு மூக்கறுபட்டான். பூனாவில் ஒரு நாட்டு வைத்தியர் அவன் நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்து வைத்தார். 1794-இல் அந்தச் செய்தி லண்டன் பத்திரிகையில் வந்தது. அதைக் கண்டு 1814-இல் கார்ப்யூ என்ற ஆங்கில டாக்டர் அங்கே செய்து பார்த்தார். மூக்கு நுனி இல்லாமலும் மூச்சு விடலாம். அந்த வண்டிக்காரன் கேட்டது மூச்சையல்ல, நாலு பேர் முன்னால் நடமாடும் முகத்தை. மூக்கறுபடுவது என்பதற்குத் தமிழில் என்ன அர்த்தம் என்று தெரிந்த நாம் அவனை ஷோக்குப் பேர்வழி என்போமா?

மூக்கறுபட்டவனும் மூப்படைந்தவளும் ஒன்றல்ல என்பீர்கள். ஒன்றல்லதான். அவனுக்கு நேர்ந்தது கொடுமை. இவளுக்கு நேர்ந்தது இயற்கை. ஆனால் மூப்பைக் கண்டு ஒருத்தியைக் கூசவைப்பது இயற்கையின் வேலையல்ல, நம்முடைய வேலை. கூசவைத்ததும் நாம், அந்தக் கூச்சத்துக்கு மருந்து தேடினால் சிரிப்பதும் நாம் என்றால் எப்படி?

இதையெல்லாம் சொன்ன பிறகும் எனக்கு ஒரு நெருடல் இருந்தது. “யாருக்காக அக்கா?” என்று கேட்டேன். புருஷன் போய் எட்டு வருஷமாகிறது.

“காலைல எழுந்து கண்ணாடி பார்க்கிறது நான்தானேப்பா?” என்றார்.

தப்பில்லை என்றுதான் சொன்னேன். ஓய்வுப் பணத்தில் லட்சக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். மகனுக்கு இது அறவே பிடிக்கவில்லை. மாடியில் ஓர் அறை கட்ட அதே பணத்தைக் கேட்டிருந்தவன் அவன். சர்க்கரை முதலில் கட்டுக்குள் வரட்டும் என்று டாக்டர் மூன்று மாதத் தவணை கொடுத்திருக்கிறார். அம்மாள் தினமும் விடியற்காலையில் காசிமேடு வரை நடந்துவிட்டு வருகிறார். மகன் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.