சொல்லுகிற இடத்தில் ஒரு பெண்

கும்பகோணத்தில் ஒரு பெண்ணின் நாடகத்தைப் பார்க்க வருகிறவர்களுக்காகவே ரயில் விட்டிருக்கிறார்கள். ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று அதற்குப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில் பாலாமணி அம்மாள் இந்த ஊரில் நாடகக் கம்பெனி நடத்தினார். கம்பெனியில் அத்தனை பேரும் பெண்கள். ராஜா வேஷமும் பெண்தான், சேவகன் வேஷமும் பெண்தான். மாயவரம் பக்கத்திலிருந்தும் திருச்சிப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்து, விடிய விடிய நாடகம் பார்த்துவிட்டு ரயிலேறிப் போனார்கள் என்று பழைய நாடகக்காரர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அவரைப் பற்றி இன்று இந்த ஊரில் யாரிடமாவது கேட்டால், தெரிந்த ஒன்றிரண்டு பேரும் ‘தாரா சசாங்கம்’ நாடகத்தில் அவர் உடுத்திய மெல்லிய உடையைப் பற்றித்தான் சொல்வார்கள். இத்தனை பெண்களுக்குச் சோறு போட்டு, சம்பளம் கொடுத்து, ஒத்திகை பார்த்து, கொட்டகை நிரப்பிய முதலாளி அவர் என்பதை யாரும் சொல்வதில்லை. ‘டம்பாச்சாரி விலாசம்’ போன்ற சமூக நாடகத்தையும் அவர் மேடையேற்றியதைச் சொல்வதில்லை. கடைசிக் காலத்தில் அவர் மதுரையில் வறுமையில் கிடந்ததை மட்டும் ஒரு பெருமூச்சோடு சேர்த்துக்கொள்வார்கள். ஆடியவளை நினைவு வைத்திருக்கிறோம், நடத்தியவளை மறந்துவிட்டோம்.

இன்றைய சினிமாவிலும் முன்னால் தெரிகிறவளைத்தான் பார்க்கிறோம். என் அக்கா மகளுக்கு சூப்பர் ஹீரோ படங்கள் என்றால் உயிர். ‘ஒண்டர் வுமன்’, ‘கேப்டன் மார்வெல்’ இரண்டையும் எனக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். 2025இல் மலையாளத்தில் வந்த ‘லோகா’வைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். கள்ளியங்காட்டு நீலியை, ஊரைப் பயமுறுத்துகிற யட்சியாகவே கேட்டு வளர்ந்த நீலியை, காப்பாற்றுகிறவளாக ஆக்கியிருக்கிறார்கள். எனக்கும் பிடித்திருந்தது. ஒரு சமயம் பட்டீஸ்வரத்துக்குக் கூட்டிப்போனபோது, துர்கை சன்னதியில் நின்றுகொண்டு, “சித்தி, இதுவும் சூப்பர் ஹீரோதானே? எட்டுக் கை, சிங்கம், காலுக்குக் கீழே எருமைத்தலை. என்ன குறைச்சல்?” என்றாள். பக்கத்தில் நின்ற குருக்கள் சிரித்துவிட்டார்.

சிரிக்க வேண்டிய விஷயமில்லை, அவள் சொன்னது சரி. இந்தப் பூமிக்குச் சக்தியுள்ள பெண் புதிதில்லை. விஜயாலய சோழன் தஞ்சாவூரைப் பிடித்ததும் நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. பட்டீஸ்வரத்தில் செவ்வாய்க்கிழமை ராகுகாலத்தில் எலுமிச்சம்பழத் தோலில் விளக்கேற்ற நிற்கிற கூட்டத்தில் முக்கால்வாசி பெண்கள். சினிமாவும் இதை விடவில்லை. 1971இல் ‘ஆதிபராசக்தி’ வந்தபோது கொட்டகைக்குள்ளேயே பெண்கள் சாமியாடினார்கள். பிறகு ‘அம்மன்’, அதற்கப்புறம் ஆடி மாதம் தவறாமல் வந்த எத்தனையோ வேப்பிலைப் படங்கள். வாயைத் திறந்தால் தீ, கண்ணைத் திறந்தால் மின்னல். அந்த மின்னலை எப்போது விட வேண்டும் என்று சொன்னவர்கள் கே.எஸ். கோபாலகிருஷ்ணன், கோடி ராமகிருஷ்ணா, இராம நாராயணன். எல்லாரும் ஆண்கள். ‘லோகா’வை எடுத்த டொமினிக் அருணும் ஆண்தான். அதற்காக அந்தப் படங்கள் மட்டமாகிவிடாது. ஆனால் எட்டுக் கை கொடுத்துக் கும்பிடுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. கும்பிடுகிறவனுக்கு அம்பாள் உத்தரவு போட மாட்டாள். டைரக்டர் போடுவாள். “இன்னொரு டேக் போகலாம்” என்று ஒரு பெண் சொல்லி, நூறு பேர் எழுந்து மறுபடி நிற்க வேண்டும். அங்கேதான் நமக்கு முதுகு வளைய மாட்டேன் என்கிறது.

இதை நம் பக்கத்தில் முதலில் செய்து காட்டியவரும் இந்தக் காவிரி டெல்டாக்காரர்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமை உண்டு. டி.பி. ராஜலட்சுமி 1911இல் திருவையாற்றில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம் செய்து வைத்தார்கள்; அது குலைந்தது. அப்படி வந்த பெண்ணுக்கு அன்றைக்கு இருந்த வழி சமையற்கட்டின் மூலை. அவர் நாடக மேடைக்குப் போனார். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ அவர் நடிப்பில் 1931இல் வந்தது. கதாநாயகன் தெலுங்கு பேச, இவர் தமிழ் பேச, நடுவில் தியாகராஜர் கீர்த்தனையும் காந்தியின் ராட்டைப் பாட்டும் வர, ஜனங்கள் குழம்பவேயில்லை, கொட்டகையை மொய்த்தார்கள். அதோடு நின்றிருந்தால் ‘முதல் பேசும்பட நாயகி’ என்ற பட்டத்தோடு போயிருப்பார். 1936இல், தானே எழுதிய நாவலைத் தானே திரைக்கதையாக்கி, தானே தயாரித்து, தானே இயக்கி, தானே நடித்து ‘மிஸ் கமலா’வை எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் பெண் டைரக்டர் அவர். பிறந்த மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். கொல்லவிருந்த ஒரு பெண் குழந்தையை மீட்டு எடுத்து வளர்த்தார் என்றும் அவர் வரலாற்றில் இருக்கிறது. பறக்கத் தெரியாத ஒரு பெண்ணால் இவ்வளவு ஆகியிருக்கிறது.

அதே திருவையாற்றில் அதே காலத்தில் இன்னொன்று நடந்தது. தியாகராஜருக்குத் தன் நகையும் பணமும் போட்டுச் சமாதி கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவர் கட்டிய இடத்தில் நடந்த ஆராதனையிலேயே பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை, பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார். 1941இல் தனித்தனியாக ஆராதனை நடத்திய கட்சிகள் ஒன்றாகி எல்லாரும் பாடும்படி ஆயிற்று. ஒவ்வொரு ஜனவரியிலும் டிவியில் பஞ்சரத்ன கீர்த்தனை கேட்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு கேட்டால் நல்லது.

சண்டை போடுகிற நாயகிக்கும் அப்போது பஞ்சமில்லை. 1935இல் பம்பாயில் நாடியா ‘ஹண்டர்வாலி’யில் சாட்டையைச் சுழற்றினார். இரண்டே வருஷத்தில் தமிழில் கே.டி. ருக்மணி ‘மின்னல்கொடி’யில் கொள்ளைக்காரியாக ஆண் உடையில் கத்தி சுழற்றினார். ஆக, சண்டைக்காரியும் வந்துவிட்டாள், டைரக்டரும் வந்துவிட்டாள். பிறகு ஏன் இத்தனை காலம்? பானுமதியின் ‘சண்டிராணி’ 1953. சாவித்திரியின் ‘குழந்தை உள்ளம்’ 1969. சுஹாசினியின் ‘இந்திரா’ 1995. நடுவில் இருக்கிற இடைவெளிகளைப் பாருங்கள். அதிலும் இவர்கள் எல்லாரும் முதலில் நடிகையாகப் பேர் வாங்கிய பிறகே அந்த நாற்காலியில் உட்கார முடிந்தது.

இதற்கு எனக்குத் தெரிந்த விடை எங்கள் பக்கத்து வயலில் இருக்கிறது. நடவு என்றால் பெண்கள்தான். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, என்ன கூலி என்று பேசி ஆள் கூட்டி வருகிறவளும் ஒரு பெண்தான். மிராசுதாரே அவளிடம் கொஞ்சம் பயந்துதான் பேசுவார். இப்போது நடவு மெஷின் வந்துவிட்டது. நான் பார்த்த வயல்களில் அந்த மெஷினின் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவன் ஆண். தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைத் தெரிந்து வைத்திருந்த பெண் வரப்பில் நின்று விட்டுப்போன இடத்தைக் கையால் நிரப்புகிறாள். பாலாமணியின் மேடைக்குப் பிறகு காமிரா வந்தபோதும், காமிராவோடு கடன் கொடுக்கிற பெரிய முதல் வந்தபோதும் நடந்தது இதுதான். மெஷினும் முதலும் வந்தால் சீட்டு கைமாறிவிடும். திறமை இல்லாமல் போய் அல்ல.

சீட்டு கிடைத்தாலும் கணக்கு வேறு. ‘கேட்வுமன்’ 2004இலும் ‘எலெக்ட்ரா’ 2005இலும் ஓடவில்லை என்றதும், பெண் சூப்பர் ஹீரோ படமே ஓடாது என்று ஹாலிவுட்டில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. ஆண் சூப்பர் ஹீரோ படம் எத்தனை கவிழ்ந்தாலும் ஆண்கள் படம் ஓடாது என்று யாரும் சொன்னதில்லை. 1941இல் காமிக்ஸில் பிறந்த ஒண்டர் வுமனுக்குத் தனியாக ஒரு பெரிய திரைப்படம் 2017இல்தான் வந்தது. எடுத்தவர் பேட்டி ஜென்கின்ஸ் என்ற பெண். வசூல் 80 கோடி டாலருக்கு மேல். நம் ஊரிலும் சுதா கொங்கராவின் ‘துரோகி’ 2010இல் ஓடவில்லை. அடுத்த படமான ‘இறுதிச்சுற்று’ வர 2016 ஆயிற்று. அதில் வருகிற மீனவப் பெண்ணுக்கு மந்திரசக்தி கிடையாது, கோபமும் குத்துச்சண்டையும்தான். பிறகு தமிழில் அவர் எடுத்த ‘சூரரைப் போற்று’ ஐந்து தேசிய விருதுகள் வாங்கியது. அது ஓர் ஆணின் கதை. பெண் டைரக்டர் என்றால் பெண் கதைதான் எடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவிதத்தில் அவளைச் சமையற்கட்டுக்கு அனுப்புவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்கா மகள் அந்தப் படங்களைப் பார்க்கட்டும். வானத்தில் பறக்கிற பெண்ணைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் முஷ்டியை மடக்கி நிற்பதில் ஒரு நிமிர்வு இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சூப்பர் ஹீரோவுக்கு அதிகாரம் வானத்திலிருந்து வருகிறது. என் அக்கா மகளுக்கோ ஒரு நாள் பத்துப் பேர் முன்னால் நின்று “இப்படி இல்லை, அப்படிச் செய்யுங்கள்” என்று சொல்லத் தெரிய வேண்டும். கேட்கிறவர்களுக்கும் கேட்கத் தெரிய வேண்டும். இந்த இரண்டாவது பாடத்தை எந்தப் படமும் நடத்தாது. வீட்டில்தான் நடத்த வேண்டும். ஆனால் எங்கள் வீட்டு விசேஷங்களில் சமையல்காரரிடம் பேசுவது பெண்கள், பணம் எண்ணிக் கொடுப்பது ஆண்கள்.

கும்பகோணத்தில் இப்போது ஒன்றிரண்டு பெண்கள் கல்யாண வீடியோ எடுக்கிறார்கள். மண்டபத்தில் எல்லாரையும் நகரச் சொல்லி, மாப்பிள்ளையின் மாமாவை ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள். மாமாவுக்கு முகம் சுருங்குகிறது. உங்கள் வீட்டில் அடுத்த விசேஷம் வரும்போது, அப்படி ஒருத்தி வேலை தெரிந்தவளாக இருந்தால் அவளைக் கூப்பிடுங்கள். ஆணுக்குக் கொடுக்கிற கூலியையே கொடுங்கள். அவள் நகரச் சொன்னால் நகருங்கள்.