இரண்டு பரீட்சைகளுக்கு நடுவே ஒரு சாயங்காலம்

கடன் வாங்கி, கப்பலேற்றி அனுப்பிய பிள்ளை, ஒரு பரீட்சை முடிந்து அடுத்தது வருவதற்குள் நண்பர்களோடு ஊர் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தால் அது குற்றமா? நம் வீடுகளில் அதைப் பாவம் என்று யாரும் சொல்வதில்லை. ‘உனக்காகத்தான் இத்தனை கஷ்டமும்’ என்பார்கள். பாவம் என்பதைவிட அது கனமான சொல். பிள்ளையின் ஒவ்வொரு மணி நேரமும் கொடுத்தவருக்குத் திருப்பித் தர வேண்டிய பாக்கி என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அந்த எண்ணம் சரியா என்பதுதான் என் கேள்வி.

கார் நிக்கோபார் தீவின் மூஸ் கிராமத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் நிக்கோபாரிச் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தார். அவர்களில் ஒருவர் கடல் கடந்து பர்மாவின் மாண்டலேயில் படித்துத் திரும்பினார். அவர்தான் ஜான் ரிச்சர்ட்சன்: புதிய ஏற்பாட்டைத் தம் மொழிக்குக் கொண்டுவந்தவர், 1950இல் பேராயர், 1952இல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினர். படிக்கப்போனவர் கொண்டுவர வேண்டியதையெல்லாம் கொண்டுவந்துவிட்டார் என்று இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கார் நிக்கோபாருக்குக் கால்பந்தைக் கொண்டுவந்தவரும் அவரே. பந்து எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அது சாயங்காலத்தின் சொத்து. ‘பார்த்தீர்களா, விளையாட்டும் ஊருக்குப் பயன்பட்டது’ என்று இதைக் காட்டி வாதாடுவது எளிது. நான் அப்படி வாதாட மாட்டேன். அந்தப் பந்தால் தீவுக்குக் கிடைத்தது என்ன? மற்றவர்களும் சாயங்காலம் விளையாடினார்கள், அவ்வளவுதான். பயன், பயன் என்று தேடிப்போனால் கடைசியில் மறுபடியும் விளையாட்டில்தான் வந்து நிற்கிறோம். மூஸ் மணலில் ஓடியவர்களின் மகிழ்ச்சி தன்னளவில் நல்லதென்றால், வெளியூரில் படிக்கும் பையனின் மகிழ்ச்சியும் அதே காரணத்தால் நல்லதே. பின்னால் அவன் பேராயரானாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி.

அரிஸ்டாட்டில் இதை ஒப்பமாட்டார். விளையாட்டு உழைப்புக்குத் திரும்புவதற்கான இளைப்பாறல். அதையே வாழ்க்கையின் நோக்கம் என்பது சிறுபிள்ளைத்தனம் என்பது அவர் கட்சி. ஆனால் ஓய்வுக்காகவே உழைக்கிறோம் என்று சொன்னவரும் அவர்தான். விளையாட்டையும் ஓய்வையும் அவர் தனித்தனியே பிரித்துவைத்தார். பரீட்சைக்கு நடுவில் நாலு பேர் கடற்கரையில் உட்கார்ந்து பேசும்போது எது எங்கே முடிகிறது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கீதையின் ஆறாம் அத்தியாயம் எனக்கு இதைவிட நெருக்கமாக இருக்கிறது: உணவு, உறக்கம், உழைப்பு ஆகியவற்றோடு உல்லாசத்தையும் ஒரே வரிசையில் வைத்து, நான்குக்கும் அளவைத்தான் கேட்கிறது.

‘காந்தி இதையெல்லாம் வேண்டாமென்று உதறினாரே’ என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். 1888இல் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவர் நடனமும் வயலினும் கற்கத் தொடங்கினார். சுமார் மூன்று மாதத்தில் அந்த மோகம் தெளிந்தது. அவர் விட்டது ஆங்கில கனவானாகும் வேஷத்தை. சாயங்காலங்களை அவர் விடவில்லை. சைவ உணவுச் சங்கக் கூட்டங்களுக்குப் போனார், பேஸ்வாட்டரில் தாமே ஒரு சங்கம் தொடங்கினார், பிரம்மஞான சபை நண்பர்கள் இருவரோடு கீதை படித்தார். எல்லாம் தேர்வுக்கு வெளியே. வேடிக்கை என்னவென்றால், அன்று பாரிஸ்டராவதற்குத் தேர்வு மட்டும் போதவில்லை. ஒவ்வொரு பருவத்திலும், அவர் சேர்ந்திருந்த இன்னர் டெம்பிள் என்ற வழக்கறிஞர் சங்கத்தில் இத்தனை விருந்துகளுக்கு வந்திருக்க வேண்டும் என்பதும் அன்றைய விதி.

கொடுத்தவரின் பணம் என்னாவது? அது நியாயமான கேள்வி; அங்கே பாக்கி உண்மையில் இருக்கிறது. காந்திக்கும், பணம் அனுப்பிய அண்ணனின் சிரமம் உறுத்தியது. ஒற்றை அறைக்கு மாறினார், தாமே சமைத்தார், வண்டிக்கூலி வரை எழுதிவைத்து இரவு படுக்கப்போகுமுன் கூட்டிப் பார்த்தார். செலவு சுருங்கியது. கூட்டங்களுக்குப் போவது நிற்கவில்லை. பல நாள் நடந்தே போனார்.