உடலின் வெம்மையும் சாட்சியின் சொல்லும்

அறிவு எவ்வழியே வந்தால் அதனை நம்பலாம் என்னும் வினாவைச் சைவ சித்தாந்த நூல்கள் 'அளவை' என்ற பெயரால் ஆராய்கின்றன. அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் முதன்மையாகக் கொள்வன மூன்று: புலன்களால் நேரே அறியும் காண்டல், கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணரும் கருதல், ஆகமமும் நம்பத்தக்கோர் சொல்லுமாகிய உரை. கருதலுக்கு உயிர்நாடி வியாப்தி, அதாவது புகையுள்ள இடத்தில் நெருப்பு இருந்தே தீரும் என்பது போன்ற விலகாத உடனிகழ்ச்சி. மலையில் எழும் புகையைக் கண்டு நெருப்பை உணர்வதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டாகக் காட்டுவது தருக்க நூலார் வழக்கம்.

வீராம்பட்டினத்தை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர் கைக்கொண்டதும் இம்முறையே. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் செந்நிற மட்கலங்களின் காலம் முன்னரே அறியப்பட்டிருந்தமையால், அவற்றின் ஓடுகளைத் துணைக்கொண்டு அங்குக் கிடைத்த பிற பொருள்களின் காலத்தை அவர் கணித்தார். காலங்கணிக்கும் இந்தக் கருதலை ஓர் ஆளின் உயிரே நம்பியிருந்த வழக்கொன்று அடுத்த சில ஆண்டுகளில் கொழும்பில் நடந்தது.

இலங்கைக் கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர் மகாதேவ சதாசிவத்தின் மனைவி, 1951 அக்டோபர் 9 அன்று, பம்பலப்பிட்டியில் உள்ள வீட்டின் கார் கொட்டகையில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். கொலைக்குத் தானும் உடந்தையாக இருந்ததாகக் கூறி மன்னிப்புப் பெற்று அப்ரூவராக மாறிய வீட்டு வேலைக்காரரின் சாட்சியமே சதாசிவத்தின் மீது கொலைக்குற்றம் சாட்டிய அரசுத் தரப்புக்கு ஆதாரம். விருப்பு வெறுப்பற்றவர் சொல்லே உரை அளவையாகும் என்ற பழைய இலக்கணத்தை வைத்துப் பார்த்தால், தன் தலை தப்புவதற்காகப் பேசுபவரின் சொல் அளவையாக நிற்காது. பிறிதொரு சான்று அதனைத் தாங்க வேண்டும் என்றே நீதிமன்றங்களும் எதிர்பார்க்கின்றன.

அச்சான்றைத் தர வேண்டியிருந்தது இறந்த உடலில் எஞ்சியிருந்த சூடு. உயிர் பிரிந்த உடல் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையை நோக்கிக் குளிர்ந்துகொண்டே செல்லும். ஆயினும் காற்றுக்கும் உடலுக்கும் இடையே சூட்டு வேறுபாடு குறைவாக இருக்கும் கொழும்பில் அது மிக மெதுவாகவே நிகழ்வதால், குளிர்நாட்டு உடல்களிலிருந்து வகுத்த கணக்கு அங்குப் பொருந்தாது. தருக்க நூலார் மொழியில் சொல்வதானால், எடுத்துக்காட்டு பழுது. இலங்கையின் முதல் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் ஜி.எஸ்.டபிள்யூ. டி சேரம், இறந்த நேரம் ஐயமின்றித் தெரிந்த உடல்களைத் தேடினார். அத்தகைய உடல்கள் கிடைத்த இடம் வெலிக்கடைச் சிறையின் தூக்குமேடை. தூக்கிலிடப்பட்டோரின் குதத்தில் வெப்பமானியைச் செருகி, வெப்பநிலை இறங்குவதை நேரத்தோடு குறித்த அவ்வாய்வு 1955-இல் கட்டுரையாகவும் வெளிவந்தது. எடின்பரோவிலிருந்து வந்து சாட்சியமளித்த தடயவியல் மருத்துவ வல்லுநர் சர் சிட்னி ஸ்மித்தின் கருத்தும் சேர, சதாசிவம் அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பிய பின்னரே மரணம் நேர்ந்திருக்க வேண்டும் என்ற பக்கம் மருத்துவச் சான்று சாய்ந்தது. 1953 ஜூன் 25 அன்று ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்றனர்.

ஒருவரைத் தூக்கிலிருந்து காத்த அறிவு, தூக்கிலிடப்பட்டோரின் உடல்களிலிருந்தே எடுக்கப்பட்டது என்பதை எளிதாகக் கடந்துவிட முடியாது. உயிர் நீங்கிய உடல் வெறுங்கூடு, அதனை அளப்பதால் யாருக்கும் தீங்கில்லை என்று ஒரு விடை உண்டு; உடலின் நிலையாமையை ஓயாது பேசும் நம் சமய மரபிலேயே அதற்கு இடமும் உண்டு. ஆனால் அதே மரபில் வந்தவர்கள்தாம் பிணத்தை நீராட்டி, கோடி போர்த்தி, வாய்க்கரிசி இட்டு, முறையறிந்த கைகளால் மட்டுமே வழியனுப்புகின்றனர். கூடு என்று அறிந்த பின்னும் அதற்குச் செய்ய வேண்டியது ஒன்று மிஞ்சுகிறது என்பதே அச்சடங்குகளின் பொருள். உயிரைப் பறித்த அரசின் காவலிலேயே அவ்வுடல்கள் அளவுகோலாயின என்பதால் அக்கடன் இன்னும் கனக்கிறது. கருதலின் மெய்ம்மை, அதன் எடுத்துக்காட்டு வந்த இடத்தால் மாசுபடுவதில்லை. அதனைப் பயன்கொள்வோர்க்கு அவ்விடத்தை மறைக்க மட்டும் உரிமையில்லை.

கருதல் அளவைக்கும் எல்லை உண்டு. கணவர் கொன்றார் என்பதை அது ஐயத்துக்குள்ளாக்கிற்றே அன்றி, கொன்றவர் யார் என்பதை அதனால் காட்ட இயலவில்லை. அப்பெண்ணின் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.