விலை கொடுத்து வாங்கிய நிலம்

மேற்குக் கரையில் ஹெப்ரான் நகரத்தில், ஏரோது மன்னன் எழுப்பிய பெரிய மதிலுக்குள் ஆபிரகாமின் கல்லறை இருக்கிறது. யூதர்களுக்கு அது முற்பிதாக்களின் குகை, முஸ்லிம்களுக்கு இப்ராஹீமி பள்ளிவாசல். 1994 பிப்ரவரி 25, ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை. பக்கத்துக் குடியேற்றமான கிர்யத் அர்பாவில் மருத்துவராக இருந்த பாரூக் கோல்ட்ஸ்டைன் ராணுவச் சீருடையில் உள்ளே போய், அதிகாலைத் தொழுகையில் இருந்தவர்களைச் சுட்டார். 29 பேர் இறந்தார்கள். நாற்பது நாள் கழித்து ஏப்ரல் 6 அன்று, அஃபூலா என்ற இஸ்ரேலிய ஊரின் பேருந்து நிறுத்தத்தில் ஹமாஸ் கார் குண்டு வெடிக்கச் செய்தது. எட்டுப் பேர் மாண்டார்கள். ஹெப்ரானுக்குப் பழி என்று அறிவிக்கப்பட்டது. அஃபூலாவில் பேருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கு ஹெப்ரானில் என்ன பங்கு? தொழுகையில் இருந்தவர்கள் யாருக்கு என்ன தீங்கு செய்தார்கள்? இந்தக் கேள்விகளே எழாதபடி செய்துவிடும் சிந்தனை ஒன்று இரு பக்கமும் வேரோடியிருக்கிறது. அந்தச் சிந்தனை பக்தியின் மிகுதியால் வந்ததல்ல. உயிர் முதலில், நிலம் பிறகு என்று பக்திக்குள் இருக்கவேண்டிய வரிசையைத் தலைகீழாக்கியதால் வந்தது என்பதே என் வாதம்.

ஆறே நாள் நடந்த 1967 போரில் இஸ்ரேல் மேற்குக் கரையைப் பிடித்தபோது, யூத மதகுருவான ராபி ஸ்வி யெஹுதா கூக்கின் மாணவர்கள் அதை மீட்பின் காலம் தொடங்கிவிட்டதற்கான அடையாளமாகக் கண்டார்கள். 1974-இல் அவர்கள் தொடங்கிய குஷ் எமுனிம் இயக்கத்துக்கு நிலத்தை விட்டுக்கொடுப்பது அரசியல் முடிவல்ல, கடவுளின் திட்டத்துக்குக் குறுக்கே நிற்பது. 1988-இல் வெளியான ஹமாஸ் சாசனம் பாலஸ்தீனம் முழுவதும் நியாயத்தீர்ப்பு நாள்வரை முஸ்லிம் தலைமுறைகளுக்கான வக்பு, அதாவது மத அறக்கொடை, அதில் ஒரு பகுதியைக்கூட விட்டுத்தர எவருக்கும் உரிமை இல்லை என்றது. நிலம் இப்படிப் பேரத்துக்கு அப்பால் போனதும், அதன்மேல் வாழும் எதிர்த்தரப்பு மனிதர் அண்டைவீட்டுக்காரராக இருக்க முடியாது, தடையாகத்தான் இருக்க முடியும். அடுத்த படி, ஆயுதம் ஏந்தாதவர் என்ற வகையையே இல்லாமலாக்குவது. அதற்கும் விளக்கங்கள் கிடைத்தன. இஸ்ரேலியச் சமூகம் முழுவதும் ராணுவச் சமூகம், பெண்களும் படையில் பணியாற்றுகிறார்கள், ஆகவே அங்கே பொதுமக்கள் என்று யாருமில்லை என்ற போக்கில் வாதிட்டார் முஸ்லிம் மார்க்க அறிஞர் யூசுஃப் அல்-கர்ளாவி. யூதர் பக்கம், இஸ்ரவேலின் பழைய எதிரிகளை ஆண் பெண் குழந்தை என்று பாராமல் அழிக்கச் சொல்லி மன்னன் சவுலுக்குக் கட்டளையிடப்பட்ட அமலேக்கியர் கதை வேதத்தில் இருக்கிறது. 2023 அக்டோபர் 28 அன்று, காசா போரின் நடுவே, இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகு அமலேக்கை நினைவுபடுத்திப் பேசினார். ஹமாஸை மட்டுமே குறித்தது என்று அவர் அலுவலகம் பிறகு விளக்கியது. ஆனால் அமலேக்கின் வித்தை அழிப்போம் என்று சிப்பாய்கள் பாடி ஆடிய காணொளியைத் தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்தின்முன் வைத்தது. மேடையில் சொன்னதைக் களத்தில் இருப்பவன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று தெரியாமல் பேசும் உரிமை ஒரு பிரதமருக்கு இல்லை.

அந்தப் போருக்கு முன், 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலுக்குள் நடத்திய தாக்குதலுக்கு ஹமாஸ் ஜெருசலேமின் பள்ளிவாசலை வைத்து இட்ட பெயர் அல்-அக்ஸா வெள்ளம். அன்று கொல்லப்பட்ட ஏறத்தாழ 1,200 பேரில் பிழைப்புக்காக வந்த தாய்லாந்துப் பண்ணைத் தொழிலாளர்கள் இருந்தார்கள், முஸ்லிம்களான பெதூவின்களும் இருந்தார்கள். எந்த வேதத்தின் எந்த எதிரிப் பட்டியலிலும் அவர்களுக்கு இடமில்லை. பிறகு நடந்த போரில், காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி, 2025 ஜூலை இறுதிக்குள் 60,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் குழந்தைகள்.

மதத்தை ஏன் இழுக்கிறீர்கள், இது நிலத்துக்கும் அதிகாரத்துக்குமான சண்டை, மதம் வெறும் போர்வை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பேச்சில் பாதி உண்மை. 1948-இல் டேர் யாசின் என்ற பாலஸ்தீனக் கிராமத்தில் கொலை செய்த இர்குன், லேஹி என்ற யூத ஆயுதப் படைகள் மதக் குழுக்களல்ல. விமானக் கடத்தலைப் போராட்ட முறையாக்கிய பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியின் தலைவர் ஜார்ஜ் ஹபாஷ் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த மார்க்சியவாதி. பொதுமக்களைக் கொல்ல மதம் தேவையே இல்லை. மதம் சண்டையைத் தொடங்கிவைத்தது என்று நானும் சொல்லவில்லை. நிறுத்தும் வழிகளை அது அடைக்கிறது என்கிறேன். ஜெரமி கிங்கஸ், ஸ்காட் ஆட்ரன் முதலானோர் யூதக் குடியேறிகளிடமும் பாலஸ்தீன அகதிகளிடமும் மாணவர்களிடமும் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. புனிதமென்று கருதும் ஒன்றை விட்டுக்கொடுத்தால் பணமோ வசதியோ தருவதாகச் சொன்னபோது அவர்களின் கோபமும் வன்முறைக்கான ஆதரவும் கூடின. எதிர்த்தரப்பும் தனக்குப் புனிதமான ஒன்றை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னபோது அவை குறைந்தன. வெறும் போர்வையாக இருந்திருந்தால் பணத்துக்கு விலகியிருக்கும். நம்பிக்கையை நம்பிக்கையாகவே எடுத்துக்கொண்டு அதன் உள்ளிருந்துதான் பதில் தேடவேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது? ஹெப்ரான் குகையைப் பற்றி ஆதியாகமத்தின் 23-ஆம் அதிகாரம் சொல்வதைப் பாருங்கள். அந்த நாடு முழுவதையும் தருவதாகக் கடவுளே ஆபிரகாமுக்கு வாக்களித்தாயிற்று. அப்படியிருந்தும் மனைவி சாராள் இறந்தபோது அவளை அடக்கம் செய்ய அவரிடம் ஒரு பிடி நிலம் இல்லை. அவர் வாக்குறுதியை எடுத்துக் காட்டவில்லை. உள்ளூர்க்காரர்கள் முன் எழுந்து நின்று வணங்கி, தான் ஒண்ட வந்தவன் என்கிறார். நிலத்துக்காரர் எப்பெரோன் சும்மாவே தருகிறேன் என்றபோதும் மறுத்து, ஊர்வாசலில் எல்லோர் முன்னிலையிலும் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். இன்றைய ஹெப்ரான் குடியேறிகள் இதே கதையைப் பட்டாவாகக் காட்டுவார்கள். வாங்கியது எங்கள் தகப்பன் என்பார்கள். சரி. ஆனால் வாங்கிய விதத்தையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும்? வாக்குறுதி பெற்றவரே, அங்கே வாழ்ந்தவரின் சம்மதமும் முழு விலையும் இல்லாமல் ஓர் அடியும் எடுக்கவில்லை. இரண்டு அதிகாரம் தள்ளி, ஆபிரகாமை அதே குகையில் அடக்கம் செய்தவர்கள் ஈசாக்கும் இஸ்மவேலும், இருவரும் சேர்ந்து.

நமக்கு வசதியான பகுதியைப் பொறுக்குகிறோம், அந்த நாட்டைப் பிடிக்க யோசுவா நடத்திய போர்களும் அதே வேதத்தில்தானே உள்ளன என்று கேட்பது நியாயம். அதனால்தான் வேத வரிகளோடு நிற்காமல், அவற்றை நூற்றாண்டுகளாக வாசித்த சட்ட மரபுகள் எதை மேலே வைத்தன என்று பார்க்கவேண்டும். அசீரிய மன்னன் சனகெரிப் இனங்களையெல்லாம் கலந்துவிட்டான், பழைய எதிரி இன்று யாரென்று சுட்டவே முடியாது என்றார்கள் ராபிகள். பிற்கால அறிஞர் சிலர் இதை அமலேக்குக்கும் பொருத்தினார்கள். ஓர் உயிரைக் கொல்வது உலகையே கொல்வது போன்றது என்ற கருத்து யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் அதே கருத்தை, இஸ்ரவேலர்களுக்கு விதிக்கப்பட்டது என்று பெயர் சொல்லியே எடுத்தாள்கிறது. பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் தொடாதீர்கள், கனிமரங்களை வெட்டாதீர்கள் என்று முதல் கலீஃபா அபூபக்ர் படைக்கு இட்ட கட்டளையை மதரஸா மாணவர்கள் அறிவார்கள். கர்ளாவியின் வாதம் அந்தக் கட்டளையை மறுக்கவில்லை. அது காக்கும் மனிதர்கள் அங்கே இல்லை என்று சொல்லி அதைச் செல்லாமலாக்கியது.

அடைபட்டுக் கிடக்கும் மக்களையும் விமானப்படை வைத்திருக்கும் அரசையும் ஒரே தராசில் வைக்கலாமா என்ற கேள்விக்கு, பொறுப்பை அளக்கும்போது வைக்கக்கூடாது என்பதே என் பதில். வலிமை கூடுதலாக உள்ளவரிடம் கணக்கும் கூடுதலாகக் கேட்கப்படவேண்டும். மேற்குக் கரையின் ஆக்கிரமிப்பு மதத்தலைவர்களின் பிரசங்கத்தால் மட்டும் நீடிப்பதல்ல, ஒரு நவீன அரசின் சட்டமும் படையும் அதைத் தாங்குகின்றன. ஆனால் குழந்தையைக் கொல்லக்கூடாது என்ற தடை, கொல்பவரின் வலிமையைப் பார்த்து மாறுவதில்லை.

உயிரை நிலத்துக்கு மேலே வைக்கும் இந்த வாசிப்பு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1979-இல் ராபி ஓவாடியா யோசேஃப், உயிர் காக்கப்படுமானால் இஸ்ரேல் நாட்டின் நிலத்தையும் விட்டுக்கொடுக்கலாம் என்று மதச்சட்டப்படி தீர்ப்புச் சொன்னார். அந்த ஆண்டு எகிப்தோடு உடன்பாடு கையெழுத்தானது. 1982-இல், எகிப்துக்குத் திருப்பித் தரவேண்டிய சினாயின் யமித் குடியேற்றத்தில் கூரைமேல் ஏறி எதிர்த்தவர்களை இஸ்ரேலிய ராணுவமே இறக்கிக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு எகிப்து அதிபர் சாதத்தைச் சுட்டுக் கொன்றவர்களும், 1995-இல் இஸ்ரேலியப் பிரதமர் ராபினைச் சுட்ட யிகால் அமீரும் தத்தம் மார்க்கத்தின் பெயரால்தான் சுட்டார்கள். ஆனாலும் எகிப்து எல்லையில் அந்த உடன்பாடு இன்றுவரை நிற்கிறது. ஓவாடியா யோசேஃப் பிற்காலத்தில், பாலஸ்தீனியரோடான ஓஸ்லோ உடன்பாட்டுக்குப் பிறகு வந்த குண்டுவெடிப்புகளைக் கண்டு, தன் தீர்ப்பு அந்தச் சூழலுக்குப் பொருந்தாது என்றார். அவர் முடிவு மாறியது, அளவுகோல் மாறவில்லை. அப்போதும் அவர் கேட்டது நிலம் யாருக்கு வாக்களிக்கப்பட்டது என்பதை அல்ல, விட்டால் உயிர் பிழைக்குமா என்பதை. அந்தக் கேள்விக்குச் சான்று காட்டி வாதிட முடியும், தவறென்று தெரிந்தால் திருத்த முடியும், பாலஸ்தீனியரும் எதிரே அமர்ந்து பதில் சொல்ல முடியும்.